பழைய பெட்டிகளும் தொண்டர் கைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் கம்பனையும் வள்ளுவனையும் இளங்கோவையும் பற்றிப் பேசக் கற்றறிந்த புலவர் பெருமக்கள் வருவது வழக்கம். யானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திற்கு விடைகொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தா. புலவர் நடையைக் கடன் வாங்கிப் பேசினால் அது எனக்கும் பொருந்தாது, கேட்கும் உங்களுக்கும் பொருந்தாது. ஆகவே என் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையே எடுத்துக்கொண்டேன். பழைய புகைவண்டிப் பெட்டிகளையும் எஞ்சின்களையும், ஒரு காசும் கூலி பெறாமல், தம் கைப்பொருளையும் செலவிட்டுச் சீர்செய்து, காட்சிசாலைகளில் கொண்டு நிறுத்தும் தொண்டர்களைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

முதலில் நம் ஊர்ச் செய்தி. உதியன்குளங்கரையில் நின்றுகொண்டு பழைய புகைவண்டியைத் தேடினால் அகப்படாது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மீட்டர் கேஜ் பாதை 1918-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1931-இல் அது தம்பானூர் வரை நீண்டது. அங்கே நின்ற பாதை, தெற்கே ஒரு சங்கிலி தூரமும் நகராமல் அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் நின்றே கிடந்தது. 1979 ஏப்ரலில் கன்னியாகுமரி வரை அகலப்பாதை திறக்கப்பட்ட பின்னர்தான் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்னும் பெயர்கள் இருப்புப்பாதைக் கால அட்டவணையில் இடம்பெற்றன. அதற்கு முன் இப்பகுதி மக்கள் புகைவண்டி ஏறவேண்டுமாயின் பஸ்ஸில் திருவனந்தபுரத்திற்கோ திருநெல்வேலிக்கோ செல்லவேண்டியிருந்தது. நம் நிலையங்களில் நூற்றாண்டு கண்ட கட்டடம் இல்லை. கரி படிந்த சுவர் இல்லை. ஆயினும் இக்காலனியில் வாழும் நம் குடும்பங்களுள் பல, பாதையோடு பாதையாக ஊர் ஊராக நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தவை. செங்கோட்டைப் பாதையையும், திருநெல்வேலிக் கொட்டகையையும், பொன்மலைப் பட்டறையையும் நெஞ்சில் சுமந்து வந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நம் ஊரின் பழம்பொருள் அவர்களே. என் பேச்சு கடைசியில் அவர்களிடம்தான் வந்து நிற்கும்.

இருப்புப்பாதையில் ஒரு பெட்டி ஓடி ஓய்ந்த பின் அதன் கதி என்ன? அலுவலக வழக்கில் அதைக் ‘கண்டம்’ ஆயிற்று என்போம். கண்டம் ஆன பெட்டி ஏலத்திற்குப் போகும். இரும்பு உருக்காலைக்கும், தேக்கு மரக்கடைக்கும் போகும். முன்பு முதல் வகுப்பில் வெள்ளைக்காரத் துரை சாய்ந்திருந்த தேக்குப் பலகை, பின்னாளில் எவரோ ஒருவர் வீட்டு மாட்டுத் தொழுவத்துக் கதவாக விளங்கியிருக்கக்கூடும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத பெட்டியை வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்யும்? கணக்கேட்டில் அதற்கு மதிப்புச் சூன்யம். அது நிற்கும் தண்டவாளத்திற்கோ தேவை மிகுதி. எனவே, ‘இதை உடைக்காதீர்கள், எங்களுக்குத் தாருங்கள்’ என்று ஒருவர் கைநீட்டி நின்றால் அன்றிப் பழைய பெட்டி பிழைப்பதற்கு வழியே இல்லை.

அவ்வாறு கைநீட்டியவர்கள் முதலில் மேல்நாட்டார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டில், தெருவில் ஓடிய டிராம் வண்டிகள் ஒழிந்து பஸ்கள் வந்துகொண்டிருந்த சமயம், இளைஞர் சிலர் கூடி 31-ஆம் எண்ணுள்ள திறந்த டிராம் ஒன்றை 150 டாலருக்கு வாங்கினர். வாங்கியாயிற்று, நிறுத்த இடமில்லை. பிறகு புல்வெளி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினர். தண்டவாளமும் இல்லை, மின்சாரமும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள் அன்றோ? அந்தப் புல்வெளிதான் இன்று ‘சீஷோர்’ டிராம் காட்சிசாலையாக வளர்ந்து நிற்கிறது. 1953-இல் இல்லினாய் மாநிலத்தில் பத்துப்பேர் தலைக்கு நூறு டாலர் போட்டு ஒரு மின்சாரப் பெட்டியைக் காப்பாற்றினர். அதுவே இல்லினாய் இருப்புப்பாதைக் காட்சிசாலையின் வித்து. ஒரு தொழிற்சாலை வளாகத்தில் இடம் கேட்டுப் பதினோர் ஆண்டுகள் காலம் தள்ளி, 1964-இல் யூனியன் என்னும் ஊரில் சொந்த நிலத்திற்குக் குடிபெயர்ந்தனர்.

வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1865-இல் கற்பலகைச் சுரங்கத்திற்காக இடப்பட்ட ஏழு மைல் நீளமுள்ள குறும்பாதை அது. அதன் முதலாளி, ‘யான் உயிரோடு உள்ளவரை வண்டி ஓடும்’ என்று சொல்லிச் சொன்னபடியே ஓட்டிவந்தார். 1950 ஜூலையில் அவர் மறைந்தார். தண்டவாளத்தின் கீழிருந்த கட்டைகள் உளுத்துப்போய், தண்டவாளங்களைப் புல்வேர்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பர்மிங்காம் நகரில் ரோல்ட் என்னும் எழுத்தாளரும் அவர் நண்பர்களும் ஒரு கூட்டம் கூட்டினர். அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே வண்டியை ஓட்டிக் காட்டினர். உலகிலேயே தொண்டர்கள் ஏற்று நடத்திய முதற் புகைவண்டிப் பாதை இதுவே. அன்று ஓடத் தகுந்த நிலையிலிருந்த எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். அதுவும் 1866-இல் பிறந்த கிழவி. ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் பாதிரியாரும் விடுமுறைக்கு விடுமுறை வந்து கட்டை மாற்றினர், சரளை கொட்டினர், பெட்டிகளுக்கு வர்ணம் பூசினர். வங்கிக் குமாஸ்தா என்று நான் சொல்லும்போது என் குரலில் சிறிது பெருமை தொனித்தால் பொறுத்தருள்க. அந்தப் பாதையின் தொடக்ககாலப் பெட்டிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

குழந்தைகளுக்கு ஒரு செய்தி. நீங்கள் தொலைக்காட்சியில் காணும் தாமஸ் என்னும் நீல எஞ்சினின் கதைகளை எழுதிய ஆட்ரி என்னும் பாதிரியாரும் இப்பாதையின் தொண்டர்களுள் ஒருவர். கார்டாக வேலை பார்த்தார். ஒருநாள் சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டுக் கொடியசைத்து வண்டியைக் கிளப்பிவிட்டார்! அதையும் பிறகு கதையாக்கிவிட்டார்.

பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். எஞ்சினைக் காக்கப் பலர் உண்டு. அதற்குப் புகை உண்டு, ஊதல் உண்டு, மேனி மினுக்கு உண்டு. பெட்டி அப்படியன்று, வாய் பேசாத பிறவி. இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கண்டம் ஆன மரப்பெட்டிகளைச் சக்கரங்கள் இன்றிக் குறைந்த விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் சிலர் கடற்கரையில் கொண்டுபோய் வைத்துக் குடியிருந்தனர். சிலர் கோழி அடைத்தனர். சிலர் தோட்டக் கருவிகளைப் போட்டு வைத்தனர். அரை நூற்றாண்டு கழித்துத் தொண்டர்கள் அந்தக் கோழிக்கூடுகளைத் தேடிச் சென்றனர். வீட்டுக்காரர் பின்னாளில் எழுப்பிய சுவரையும் கூரையையும் பிரித்தால், உள்ளே மழை படாமல் பத்திரமாக இருந்தது பழைய பெட்டி! வைட் தீவின் நீராவிப் பாதையில் இன்று ஓடும் பெட்டிகளுள் பல இவ்வாறு வீடாகவும் குடிலாகவும் கிடந்து மீண்டவை. வேறு வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டி அளவாக்கி, அதன்மேல் பழைய உடலை ஏற்றி நிறுத்துகின்றனர். கோழி அடைத்தவரை முதலில் நான் இகழ்ந்திருப்பேன். ஆனால் அவர் அடைத்ததனால் அன்றோ அது பிழைத்தது!

மரப்பெட்டியைச் சீர்செய்வது எத்தகைய வேலை என்பதைத் தச்சு வேலை அறிந்தோர் எளிதில் உணர்வர். அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் தேக்குச் சட்டங்களால் ஆன எலும்புக்கூடு, துளையும் முளையுமாக இணைத்தது. வெளியே மெல்லிய பலகைத் தோல். மேலே பலகைக் கூரை. அதன்மேல் முரட்டுத் துணி விரித்து வர்ணம் பூசி மழையைத் தடுத்திருப்பார்கள். அத்துணி கிழிந்த அன்று பெட்டிக்கு நோய் தொடங்கிவிட்டது. மழைநீர் சுவருக்குள்ளே இறங்கிச் சன்னலுக்குக் கீழே உள்ள சட்டத்தில் தங்கும். அங்கே உளுப்பது வெளியே தெரியாது. வெளிப்பலகை அழகாகவே இருக்கும். கதவைச் சாத்தினால் மட்டும் பொருந்தாது. ஆதலால் தொண்டர்கள் முதலில் செய்வது வர்ணம் பூசுவதன்று; பிரிப்பது. ஒவ்வொரு பலகைக்கும் எண் இட்டு, படம் பிடித்து, திருகாணிகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைப்பார்கள். ஒரு பெட்டியைச் சீர்செய்யப் பத்து ஆண்டுகள் ஆவது அங்கே அரிதன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவனுக்கு ஓர் ஆண்டு என்பது ஐம்பத்திரண்டு நாள்தானே!

பெட்டி முதலில் எந்த நிறத்தில் இருந்தது என்பதை எப்படி அறிவது? ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வர்ணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படும். அடியில் உள்ளது முதற் கம்பெனி பூசியது. அதன்மேல் அடுத்த கம்பெனி பூசியது. அதற்கும் மேலே போர்க்காலத்தில் அவசரத்தில் அடித்தது. படித்தவர் ஓலைச்சுவடியில் பாடம் பார்ப்பதைப் போல இவர்கள் வர்ணத்தில் பாடம் பார்க்கின்றனர். நம் நாட்டில் கோயில் திருப்பணி என்ற பெயரில் பழைய கற்றூண்களுக்கு எனாமல் பூசிவிடும் அன்பர்கள் இதைச் சற்றுக் கேட்டால் நலம். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லேன்.

சரி, நம் நாட்டில் இது நடந்ததா எனின், நடந்தது. இந்தியாவில் ஓர் இரசாயனக் கம்பெனியில் பணியாற்றிய மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலேயர், தொழிலால் இருப்புப்பாதைக்காரர் அல்லர், ஆசையால் ஆனவர். ஊர் ஊராகச் சென்று கொட்டகைகளின் பின்புறத்திலும், முட்புதர்களிலும், ஆலை முற்றங்களிலும் துருப்பிடித்துக் கிடந்த பழைய எஞ்சின்களையும் வண்டிகளையும் தேடிக் கண்டெடுத்தார். 1962-ஆம் ஆண்டளவில் பாட்டியாலாவில் பொதுப்பணித் துறையின் பழைய சாமான் கிடங்கில் அவர் கண்ணில் பட்டது ஓர் அதிசயம். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய வண்டி அது! சாலையோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல். சாயாதிருக்க மறுபக்கத்தில் சாலையின்மேல் உருளும் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று. மகாராசாவின் கோவேறு கழுதைகள் இழுத்தன. பெர்லினில் செய்த நீராவி எஞ்சின்களும் இழுத்தன. மோட்டார் வண்டிகள் பெருகியதும் அதைக் கைவிட்டனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த எஞ்சினை அமிருதசரசு இருப்புப்பாதைப் பட்டறையில் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தனர். பழைய அடிச்சட்டம் ஒன்றின்மேல் தலைமைப் பொறியாளர் பார்வையிடச் செல்லும் பெட்டியையும் கட்டி எழுப்பினர். இரண்டும் டில்லியிலுள்ள தேசிய இருப்புப்பாதைக் காட்சிசாலைக்குச் சென்றன. அக்காட்சிசாலைக்கு 1971 அக்டோபரில் கால்கோள் செய்தவர், முன்னர்க் கேரளத்தின் ஆளுநராக விளங்கிக் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி அவர்கள். 1977 பிப்ரவரி முதல் நாள் அது திறக்கப்பட்டது. மைசூர் மகாராசாவின் 1899-ஆம் ஆண்டுப் பெட்டி அங்கே உள்ளது. மைசூர் நகரின் காட்சிசாலையில் மகாராணியின் பெட்டியையும் காணலாம். சமையலறை முதலாய வசதிகள் எல்லாம் அதற்குள்ளேயே.

நமக்கு நெருங்கிய பெருமை ஒன்று உண்டு. ‘ஃபேரி குயின்’ என்னும் எஞ்சின் 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தது. கிழக்கிந்திய இருப்புப்பாதையில் 1909 வரை உழைத்தது. பிறகு ஹௌரா நிலையத்தின் வெளியே காட்சிப் பொருளாக நின்று, சந்தௌசிப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, கடைசியில் டில்லி வந்தது. அதை மீண்டும் ஓடவைத்த கை எது? சென்னைப் பெரம்பூர்ப் பட்டறைத் தொழிலாளரின் கை! 1997-இல் அது பயணிகளை ஏற்றி ஓடியது. ஓடும் எஞ்சின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று 1998-இல் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. 2011-இல் கொட்டகையில் நின்றிருந்தபோது பாகங்கள் பலவற்றைக் கள்வர் கொண்டுபோயினர். மீண்டும் மருத்துவம் பார்க்கப் பெரம்பூருக்கே வந்தது. அதன் உடன்பிறப்பான 21-ஆம் எண் எஞ்சினும் ஒரு நூற்றாண்டுக் காலம் குளிர்ந்து கிடந்த பின்னர் 2010-இல் பெரம்பூரிலேயே உயிர்பெற்றது. அந்த எஞ்சின் 2019 பிப்ரவரியில் எறணாகுளத்திற்கும் கொச்சித் துறைமுக நிலையத்திற்கும் இடையே ஓடியதைக் கேரளத்து மக்கள் திரள் திரளாகக் கண்டு களித்தனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பழைய எஞ்சினுக்குப் புதிய கொதிகலன், புதிய குழாய்கள், புதிய பித்தளைகள் என்று மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது பழைய எஞ்சின்தானா? அறிஞர் இதில் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். ஓடவிடாதே, ஓட ஓடத் தேயும், தேயத் தேயப் பழம்பாகம் குறையும் என்பது ஒரு கட்சி. ஓடாத எஞ்சின் வெறும் இரும்பு என்பது மற்றொன்று. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தனர். அதனால் அது திருவாரூர்த் தேர் இல்லை என்று எவரேனும் சொல்வரா? ஆனால் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாடுகளை எல்லாம் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்துவைத்தால் நாம் ஒப்புவோமா? ஒப்ப மாட்டோம். ஓடப் பிறந்ததை ஓடவிடலாம். ஆனால் கழற்றிய பழம்பாகத்தைக் குப்பையில் எறியாமல், மாற்றியது இன்னது, மாற்றிய நாள் இன்னது என்று எழுதிவைத்தே செய்யவேண்டும் என்பது என் துணிபு. குமாஸ்தா வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் புன்னகைப்பது தெரிகிறது. அந்தக் குறிப்பேடு இல்லையேல் ஐம்பது ஆண்டு கழித்து உண்மை எது, போலி எது என்று பிரிக்கவே இயலாது.

ஆயினும் மேல்நாட்டிற்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தொண்டர் சங்கமே பெட்டியை விலைக்கு வாங்கித் தன் நிலத்தில் வைத்துக்கொள்கிறது. இங்கே பழைய வண்டிகளும் காட்சிசாலைகளும் பெரும்பாலும் இருப்புப்பாதை நிர்வாகத்தின் உடைமை. சீர்செய்வது பட்டறைத் தொழிலாளர், சம்பளத்திற்குத்தான். நீராவிக் கொதிகலனைத் தகுதிச் சான்று இல்லாதவன் தொடவும் கூடாது. வெடித்தால் ஊர் தாங்காது. ஆகவே மேல்நாட்டாரைப் போலவே நாமும் சம்மட்டி எடுப்போம் என்று கிளம்புவது வீண். அப்படியானால் நம்மவர் தொண்டு எங்கே?

இக்காலனியில் மூன்றாம் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் அண்ணாச்சி என்போம். மீட்டர் கேஜ் நாளில் திருநெல்வேலியிலும் செங்கோட்டையிலும் டி.எக்ஸ்.ஆர். பகுதியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காலத்துப் பெட்டிகளின் அச்சு, உருளைத் தாங்கிகளில் சுழலவில்லை. ஆக்சில் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள் வெள்ளை உலோகம் பதித்த தாங்கியின் கீழே சுழன்றது. கீழிருந்து எண்ணெய் ஊட்ட, எண்ணெயில் ஊறிய நூற்கழிவைத் திணித்து வைப்பார்கள். திணிப்பது குறைந்தால் எண்ணெய் ஏறாது. மிகுந்தால் நூல் சுற்றிக்கொள்ளும். இரண்டிலும் அச்சு காயும். காய்ந்து சிவந்தால் அச்சே முறிந்து வண்டி தடம்புரளும். அதைத்தான் ஹாட் ஆக்சில் என்று அஞ்சுவோம். வண்டி வந்து நின்றதும் ஃபிட்டர் ஓடி ஓடி ஒவ்வொரு பெட்டியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஏன் புறங்கை என்று நான் அவரைக் கேட்டேன்.

“தம்பி, உள்ளங்கை காய்ச்சுப்போன கை, அதுக்குச் சூடு சட்டுனு உறைக்காது. புறங்கை பொய் சொல்லாது. கண்ணுக்குப் புகை தெரியட்டும்னு காத்திருந்தா வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேராது” என்றார்.

“எவ்வளவு நூல் திணிக்கணும், அண்ணாச்சி? அளவு ஏதாச்சும் உண்டா?”

“புஸ்தகத்துல அளவு உண்டு. ஆனா புஸ்தகம் எழுதினவன் நம்ம மழையிலயும் புனலூர் ஏத்தத்துலயும் வண்டி பாக்கலையே” என்று சிரித்தார்.

அண்ணாச்சிக்கு எண்பது வயது. கை நடுங்குகிறது. எழுத்துப் பழக்கம் மிகுதியாக இல்லை. அவர் பார்த்த பாதையில் புனலூர்–செங்கோட்டைப் பகுதியின் மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்றது. 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. பதின்மூன்று கண் பாலத்தின் மேல் இப்போது வேறு வண்டி ஓடுகிறது. மீட்டர் கேஜ் பெட்டி ஏதேனும் ஒன்று எந்தக் காட்சிசாலையிலேனும் நிழலில் நிற்கலாம். அதன் ஆக்சில் பாக்ஸைத் திறந்து, இதில் நூல் இப்படித் திணிக்கவேண்டும் என்று காட்டும் விரல் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும்? நீலகிரி மலைப்பாதையைப் பாருங்கள். அதற்கு வேண்டிய பற்சக்கர எஞ்சின்களை முன்னர்ச் சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்தனர். 2011 தொடங்கிப் பொன்மலைத் தொழிலாளரே புதிதாகக் கட்டிக் கொடுத்தனர். அந்தப் பாதையில் நீராவி நிற்காமல் ஓடியதால் கைத்திறன் கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. அதனால் அது இயன்றது. வண்டி நின்றுபோன இடத்தில் திறனும் அதோடு நின்றுவிடுகிறது. பாலராமபுரத்தில் குழித்தறி நெய்யும் குடும்பங்களைக் கேளுங்கள். பாவு நீட்டத் தெரிந்த ஒரு முதியவர் போனால் என்ன போகிறது என்பதை அவர்கள் என்னிலும் நன்றாகச் சொல்வார்கள்.

இது நீராவிக் காலத்தோடு முடிந்த செய்தி என்று இளைஞர்கள் எண்ணவேண்டா. நாமெல்லாம் ஏறி இறங்கிய பெட்டி, பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் பிறந்தது. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் நேரு பெருமான் தொடங்கிவைத்த தொழிற்சாலை அது. சுவிஸ் நாட்டு முறையில் அமைந்த அந்த எஃகுப் பெட்டிதான் மரப்பெட்டிகளை ஓய்வுக்கு அனுப்பியது. அந்த அமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ஓய்வு பெற்றவற்றுள் பல, சன்னல்களை அடைத்து மோட்டார் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளாக மாறிவிட்டன. சில, நிலையங்களின் வெளியே உணவுச்சாலைகளாக நிற்கின்றன. உணவுச்சாலை ஆனதை நான் வெறுக்கவில்லை. கோழிக்கூட்டை இகழாதவன் இதையா இகழ்வேன்? ஆனால் உள்ளே இருந்த இருக்கை, தூங்கு பலகைச் சங்கிலி, சன்னல் அடைப்பு, விளக்குக் கூடு யாவும் அப்போதே போய்விடுகின்றன. நம் பேரன் அந்தப் பெட்டியைத் தேடும் நாளில் வெளித்தோல் மட்டுமே மிஞ்சும்.

என் சொந்தத் தொழிலாகிய தாளைப் பற்றியும் ஒன்று. தடித்த அட்டையில் அச்சிட்ட பழைய பயணச் சீட்டு உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். டடக்கென்று எந்திரத்தில் செருகித் தேதி பதித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு முறையை வகுத்தவர் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர். மேசை நாற்காலி செய்யும் தச்சர். பின்னர் நிலைய அதிகாரி ஆனார். ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதிக்கொடுத்துச் சலித்துப்போய், வரிசை எண் இட்ட அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு வைக்கும் வழியைக் கண்டார். எண் வரிசையாக இருந்ததால் எத்தனை விற்றது என்பது கணக்குப் பார்க்காமலே தெரிந்தது, திருட்டு நின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் அதுவே சீட்டு. நம் வீட்டுப் பெட்டிகளில், பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு அப்படிப்பட்ட சீட்டு ஒன்றிரண்டு கிடக்கக்கூடும். தாய்மார்கள் பரணைச் சுத்தம் செய்யும்போது, ‘என்ன குப்பை இது’ என்று அடுப்பில் போட்டுவிடாமல் சங்கத்தில் கொடுத்தால் போதும். பழைய கால அட்டவணை, பாஸ், சீருடைப் பொத்தான், கைவிளக்கு எதுவாயினும் சரி. கைவிளக்கைத் துலக்கவேண்டா, துலக்கினால் முத்திரை எழுத்து அழிந்துவிடும்.

அப்பர் பெருமான் உழவாரப் படை தாங்கிக் கோயில்தோறும் சென்று புல் செதுக்கினார். அதனால் கூலியற்ற திருத்தொண்டுக்கு உழவாரப்பணி என்றே பெயராயிற்று. எனவே தொண்டு என்பது மேல்நாட்டாரிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய புதுமை அன்று. ஊர் கூடித் தேர் இழுத்த மக்கள் நாம்.

சங்கத்தின் செயற்குழுவில் பேசி முடிவு செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். ஓய்வு பெற்ற நம் இருப்புப்பாதைப் பெரியோர் சொல்வதைக் கேட்டு எழுத ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. கருவியின் பெயர், கையாளும் முறை, பட்டறையில் வழங்கிய சொல் ஆகிய மூன்றும் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதப்படும். இலக்கணம் பார்த்துத் திருத்தக்கூடாது என்பது நிபந்தனை. எழுதும் பொறுப்பு மேல்வகுப்பு மாணவ மாணவியருடையது. பேச்சைக் கைப்பேசியில் பதிவும் செய்யலாம். திருச்சிராப்பள்ளியில் 2014 முதல் இருப்புப்பாதைக் காட்சிசாலை ஒன்று நடைபெற்று வருகிறது. நாகர்கோவில் வழியாகச் செல்லும் பகல் வண்டியில் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே சென்று வருவோம். நம் பெரியோர் சிலர் அக்காட்சிப் பொருள்களின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருக்கின்றனர் என்று அக்காட்சிசாலையாருக்கு ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறேன். அவர்கள் ஒப்பினால் நன்று. ஒப்பாவிடினும் நோட்டுப் புத்தகம் நம்மிடம் இருக்கும். அதன் படி ஒன்றை அவர்களுக்கு அனுப்புவதை எவரும் தடுக்கமாட்டார்.

அண்ணாச்சி முதலில் மறுத்தார், பிறகு இசைந்தார். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்கத்தின் படிப்பறைக்கு வருவார். நாற்காலியில் உட்காரமாட்டார், திண்ணை வேண்டும். சர்க்கரை இல்லாத தேநீர் வேண்டும். ஆக்சில் பாக்ஸ் ஒன்றின் மாதிரியை மரத்தில் செய்து வைத்தால் அதில் திணித்தே காட்டுகிறேன் என்கிறார். தச்சு அறிந்த நம் உறுப்பினர் இருவர் அதற்கு ஒப்புக்கொண்டுள்ளனர். பலகை இன்னும் கிடைக்கவில்லை. பழைய தேக்குப் பலகை இரண்டடி நீளத்தில் எவர் வீட்டிலேனும் இருந்தால் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.